தாதியக் கோட்பாடும் விடுதி வேலையும்: மாணவத் தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் தாதியர் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா பயில்பவரானாலும், பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டம் பயில்பவரானாலும், நைட்டிங்கேல், ஹென்டர்சன், ஒரெம், ரோய், லெய்னிங்கர் என்ற தாதியக் கோட்பாட்டாளர்களின் பெயர்வரிசையைச் சந்திக்காமல் மேலே போக முடியாது. அந்தப் பெயர்களைப் பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிட்டு, கட்டில் விரிப்பதும் குளிசை கொடுப்பதும் அட்டையை நிரப்புவதும்தான் தாதியம் என்று ஆஸ்பத்திரி விடுதியில் நம்பத் தொடங்குவதிலிருந்தே இங்கே சொல்லப்படும் தவறுகளிற் பெரும்பாலானவை பிறக்கின்றன.

நைட்டிங்கேல் என்றதும் தூய காற்று, வெளிச்சம், சுத்தம் என்று விடையெழுதி முடிப்பது முதலாவது தவறு. 1859இல் வெளிவந்த அவருடைய தாதியம் பற்றிய நூலில், நோயாளியை அவதானிப்பதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. நல்ல இரவாக இருந்ததா என்று பொதுப்படக் கேட்பதை அவர் அங்கே கண்டித்து, எத்தனை மணித்தியாலம், இரவின் எந்தப் பொழுதில் உறங்கினார் என்று கேட்கச் சொல்கிறார். நம்முடைய விடுதிகளில் காலைச் சுற்றின்போது "ராத்திரி நல்ல நித்திரையோ அம்மா?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை" என்ற மறுமொழிதான் வரும், ஏனெனில் கேட்ட பிள்ளையின் மனம் கோணக்கூடாது என்பது அந்த அம்மாவின் பண்பு. "எத்தினை மணிக்குக் கண்ணயர்ந்தனீங்கள், இடையில எழும்பினனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழும்பி, விடியும்வரை குந்திக்கொண்டிருந்த கதை அப்போதுதான் வெளிவரும். இதயச் செயலிழப்பைச் சந்தேகிக்க வைக்கும் அந்தத் தகவல், முதற் கேள்வியோடு நின்றிருந்தால் வைத்தியரின் காதுக்கே போயிராது.

சுவாச வீதத்தை எண்ணாமலே 20 என்று எழுதுவதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறுதான், ஆனால் இதைவிட ஆபத்தானது. அட்டையில் ஒரு விடுதி முழுவதும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவது போலத் தோன்றினால், யாரும் எண்ணவில்லை என்றே பொருள். நோயாளி மோசமடையத் தொடங்கும்போது மற்றக் குறிகளுக்கு முன்னரே மாறக்கூடியது சுவாசம். நாடி பார்த்த விரல்களை மணிக்கட்டிலேயே வைத்தபடி நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணினால், தம்மைக் கவனிக்கிறார்கள் என்று அறியாத நோயாளியின் இயல்பான வீதம் கிடைக்கும். குருதி அமுக்கத்திலும் மேல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது வழக்கமாகிவிட்டது. மாரிகாலத்தில் டெங்கு நோயாளரால் விடுதிகள் நிறையும்போது 100/85 என்ற அளவீடு, மேல் எண் 100 ஆக இருப்பதால் ஆறுதல் தரும். ஆனால் இரண்டுக்குமிடையிலான இடைவெளி 15 மாத்திரமே. அது 20 அல்லது அதற்குக் கீழே சுருங்குவது அதிர்ச்சி நிலையின் அடையாளம் என்பதால், எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகராமல் உடனடியாக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

தாதிய நிர்ணயம் எழுதவேண்டிய இடத்தில் நோயின் பெயரை எழுதுவது பராமரிப்புத் திட்டங்களில் மிகப் பரவலான பிழை. நீரிழிவு என்பது வைத்தியர் கண்டறிந்த நோய். இன்சுலினைத் தாமே ஏற்றத் தெரியாமையும், கால் மரத்துப்போனதால் புண் வரக்கூடிய நிலையும் தாதியின் செயலுக்குரியவை. பிரச்சினை, அதன் காரணம், அதைக் காட்டும் சான்று ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வராவிட்டால், அடுத்து என்ன செய்வதென்று திட்டமும் சொல்லாது. ஹென்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகளையும் ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படியே பிரதி செய்வதும், மாற்றங்களுக்கு நோயாளி எப்படி இசைந்துபோகிறார் என்று பார்க்கும் ரோயின் இசைவாக்க மாதிரியை முன்னுரையில் புகழ்ந்துவிட்டு உள்ளே ஓரிடத்திலும் பயன்படுத்தாமல் விடுவதும் பக்கத்தை மட்டுமே நிரப்பும். மீள்மதிப்பீட்டு நிரலில் எல்லோருக்கும் 'இலக்கு அடையப்பட்டது' என்று எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஒரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டை, நோயாளியே எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று விளங்கிக்கொள்வோரும் உண்டு. அவர் முழுமையாக ஈடுசெய்தல், பகுதியாக ஈடுசெய்தல், ஆதரவும் கற்பித்தலும் என்று மூன்று முறைமைகளைச் சொன்னதோடு, பிறரில் தங்கியிருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்தவரின் ஆற்றலையும் தம் கோட்பாட்டில் சேர்த்தே வைத்தார். பாரிசவாதம் வந்த தகப்பனுக்கு மகள் கஞ்சி பருக்குவது நம் விடுதிகளில் அன்றாடக் காட்சி. மகளை விரட்டுவதும் தவறு, மகள் பார்த்துக்கொள்வார் என்று விலகுவதும் தவறு. விழுங்கும் ஆற்றல் பரிசோதிக்கப்பட்டதா என்று பார்த்து, தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர இருத்தி, சிறிது சிறிதாகப் பருக்கக் காட்டிக்கொடுக்காவிட்டால், படுத்தபடி பருக்கிய கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

லெய்னிங்கரின் பண்பாட்டுப் பராமரிப்பு ஏதோ வெளிநாட்டுக் குடியேறிகளுக்கான பாடம் என்று நினைப்பது யாழ்ப்பாணத்தில் வேலை செய்யப்போகும் ஒருவருக்குப் பெரிய இழப்பு. வழக்கத்தைப் பேணுதல், அதனோடு இசைந்துபோதல், தீங்கானால் மாற்றியமைத்தல் என்று அவர் பிரித்த மூன்று வழிகளும் மகப்பேற்று விடுதியில் ஒரே காலையில் தேவைப்படலாம். அம்மம்மா கொண்டுவரும் சரக்குக்கறியைத் தடுக்க வழமையாக எந்தக் காரணமும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வீட்டாரிடம், சுடவைத்து ஆறிய தண்ணீரையாவது தாகத்துக்கு ஏற்பக் கொடுக்கச் சொல்லி இணங்கிப்போகலாம். பிறந்த குழந்தைக்குச் சீனித்தண்ணி பருக்குவதை மட்டும், முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று விளக்கி, நிறுத்தியே ஆகவேண்டும். மூன்றையும் ஒரே தொனியில் கண்டிக்கும் தாதியின் சொல்லை, எது உண்மையில் ஆபத்தானதோ அதில்கூட வீட்டார் கேட்கமாட்டார்கள்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதமிருக்கும் நீரிழிவு நோயாளியிடமும் இதுவே நடக்கிறது. "விரதமெல்லாம் கூடாது" என்று கிளினிக்கில் அதட்டினால், "ஓம் மிஸ்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பாலும் பழமும் மட்டும் உட்கொண்டு, வழமையான அளவு இன்சுலினையே ஏற்றிக்கொள்வார். குருதிச் சீனி இறங்கி மயங்கிய பிறகே திரும்பி வருவார். ஐப்பசி பிறக்கும் முன்னரே விரதமிருக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டறிந்து, இருக்கலாமா, இருந்தால் மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று தீர்மானிக்க வைத்தியரிடம் அனுப்பி, வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சீனி எடுத்து விரதத்தை முடிக்கவேண்டும் என்று கற்பிப்பது தாதியின் வேலை.