‘இது கர்த்தருடைய சிட்சை’ என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

“இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான், ஆகையால் சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்.” நல்ல வசனம். நீதிமொழிகள் 3:11-ல் சாலொமோன் தன் மகனுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான். ஆனால் மேலே உள்ளதைச் சொன்னவர் யோபுவின் நண்பர் எலிப்பாஸ். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்த்துச் சொன்னார். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த எலிப்பாசின்மேல் கோபப்படுகிறார். “நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்கிறார்.

போதனையில் பிழை இல்லை, அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் பிழை. யோபுவுக்கு நேர்ந்தது அவர் செய்த பாவத்துக்காக அல்ல என்பது முதல் அதிகாரத்தை வாசித்த நமக்குத் தெரியும், எலிப்பாசுக்குத் தெரியாது. தெரியாமலே பேசினார். சிட்சையைப்பற்றி நம் சபைகளில் நடக்கிற தவறுகளில் எனக்கு அதிகமாக வலிப்பது இதுதான். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுத்தவருடைய துன்பத்துக்கு நாம் பெயர் வைப்பது

இளம் வயதில் கணவனை இழந்த ஓர் அக்காவின் வீட்டு ஜெபத்தில் நானும் இருந்தேன். மூத்த விசுவாசி ஒருவர் எபிரெயர் 12:6-ஐ வாசித்தார்: “கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து…” ஆறுதலுக்காகத்தான் வாசித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாரும் கிளம்பின பிறகு அந்த அக்கா கேட்டார்: “அப்போ நான் என்ன தப்பு செஞ்சேன்னு அவரை எடுத்துக்கிட்டாரு?” எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது கர்த்தர் ஒருவர்தான். அவரையும் பயப்பட வேண்டிய ஆளாக்கிவிட்டுப் போயிருந்தோம்.

சீஷர்களும் இதையே கேட்டார்கள். பிறவிக் குருடனைக் கண்டதும், இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். அப்படியானால் தாவீது ராஜாவின் பாவத்தினால் செத்துப்போன பிள்ளை? அங்கே காரணத்தைச் சொன்னது பக்கத்து வீட்டார் அல்ல, கர்த்தர் அனுப்பிய தீர்க்கதரிசி நாத்தான். அந்தச் செய்தி நம் கையில் இல்லாதபோது அந்தச் சம்பவத்தை இன்னொரு தாயின் தலையில் ஏற்றக் கூடாது.

“நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது” என்கிறது 119-ஆம் சங்கீதம். நான், எனக்கு. ‘நீ பட்ட பாடு உனக்கு நல்லது’ என்று அந்தச் சங்கீதக்காரன் யாரிடமும் சொல்லவில்லை. பட்டவர் பின்னால் திரும்பிப் பார்த்துத் தன்னைப்பற்றிச் சாட்சியாகச் சொல்கிற பேச்சு அது. பார்க்கப் போகிறவர் சொல்ல வேண்டியது அல்ல. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததில் நல்லது அதுதான்.

சிட்சை என்றாலே தண்டனை என்று நினைப்பது

பாட்டு வாத்தியாரிடம் ‘சங்கீத சிட்சை’ பெற்றார் என்று பழைய பத்திரிகைகளில் எழுதுவார்கள். அங்கே யாரும் பிரம்படியை நினைப்பதில்லை. எபிரெயர் நிருபத்தின் மூலத்தில் இருக்கிற ‘பைதெயா’ என்ற கிரேக்கச் சொல்லும் இப்படித்தான், ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிற வேலை முழுவதையும் குறிக்கும். மோசே எகிப்தியருடைய சாஸ்திரங்களைக் கற்றான், பவுல் கமாலியேலின் பாதத்தருகே படித்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிற இடங்களில் அதே சொல்லின் வினை வருகிறது. தேவனுடைய கிருபை நமக்குப் ‘போதிக்கிறது’ என்று தீத்து 2:12-ல் வருவதும் அதே வினைதான்.

வலி அதில் இல்லவே இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. எபிரெயர் 12:6-ன் பிற்பகுதியில் ‘தண்டிக்கிறார்’ என்ற வார்த்தை இருக்கிறது, கிரேக்கத்தில் அது சவுக்கடியைக் குறிக்கும் சொல். ஆனால் அதே வசனத்தை நீதிமொழிகள் 3:12-ல் பாருங்கள், “தகப்பன் தான் நேசிக்கிற புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல” என்று இருக்கும். எபிரெயர் நிருபம் மேற்கோள் காட்டுவது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை, அங்கே வாசகம் சற்று மாறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் வலியும் தெரியும், தகப்பனுடைய முகமும் தெரியும்.

இன்னொன்று, அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்துக்காக நிந்தை அனுபவித்து, ஆஸ்திகளைக் கொள்ளைக்குக் கொடுத்தவர்களுக்கு (10:32-34). அவர்கள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. இயேசுவும் குமாரனாயிருந்தும் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று அதே நிருபம் சொல்கிறது. அவரிடம் தண்டிக்க என்ன பாவம் இருந்தது?

இதை மறந்துவிடுகிறபோதுதான், ‘தசமபாகம் கொடுக்கவில்லை, அதுதான் ஆஸ்பத்திரிச் செலவாகப் போய்விட்டது’ என்கிற கணக்கு வருகிறது. எவ்வளவு பேர் இந்தப் பயத்தில் இருக்கிறார்கள்! ஏசாயா 53:5-ல் “நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது” என்று வாசிக்கிறோம். அந்த ‘ஆக்கினை’யும் நீதிமொழிகள் 3:11-ன் ‘சிட்சை’யும் எபிரெயத்தில் ஒரே சொல், ‘மூசார்’. கணக்குத் தீர்க்கிற பங்கு சிலுவையில் முடிந்துவிட்டது. நம்மிடம் வருவது வளர்க்கிற பங்கு மட்டும்.

வளர்ப்பு எப்படியிருக்கும் என்பதற்கு உபாகமம் 8-ஐத்தான் நான் எப்போதும் காட்டுவேன். 40 வருஷ வனாந்தரத்தைச் சொல்லி, ஒருவன் தன் புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார் என்கிறார் மோசே. சரி, அந்தச் சிட்சையில் என்னென்ன இருந்தது? பசி இருந்தது. கூடவே மன்னா இருந்தது, பழசாகாத வஸ்திரம் இருந்தது, வீங்காத கால் இருந்தது. பிள்ளையின் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற தகப்பன்!

அடிக்கிறவன் கையைத் தேவனுடைய கை என்று சொல்வது

குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப்பற்றிச் சொல்ல வந்த பெண்ணிடம், ‘கர்த்தர் உன்னை உருவாக்குகிறார், பொறுத்துக்கொள்’ என்று சொல்லியனுப்புவது பெரிய அநியாயம். ஏசாயா 10-ல் கர்த்தர் அசீரியாவைத் தம் கோபத்தின் கோல் என்கிறார், சில வசனங்கள் தள்ளி அதே அசீரிய ராஜாவைத் தண்டிப்பேன் என்கிறார். கோலாக இருந்தது அவனுக்குச் சாக்காகவில்லை. யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட சகோதரரிடம், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பதற்கு முன்னால், “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்றே சொன்னான். அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடமும் துணைக்கு ஓர் ஆளும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பது அவிசுவாசம் ஆகாது.

பிள்ளைகளை வெளுத்துவிட்டு நீதிமொழிகளின் பிரம்பைக் காட்டுகிற பெற்றோர், எபேசியர் 6:4-ஐயும் வாசிக்க வேண்டும். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கச் சொன்ன பிறகுதான் அங்கே ‘சிட்சை’ வருகிறது. அப்புறம், வியாதியைச் சிட்சை என்று ஏற்றுக்கொண்டு மருந்தை நிறுத்துவதும் கூடாது. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷ ஆயுசு கூட்டிக்கொடுத்த சமயத்திலேயே அவன் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் ஏசாயா.

சிட்சையை நஷ்டத்தில் மட்டும் தேடுவது

எல்லாம் நன்றாக ஓடும்போது நமக்குச் சிட்சை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். லவோதிக்கேயா பணக்கார ஊர். கி.பி. 60-ல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவியில்லாமல் தன் காசிலேயே திரும்பக் கட்டிக்கொண்டது. அங்கிருந்த சபையும் எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. “நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்” என்று இயேசு சொன்னது இந்தச் சபையிடம்தான். அவர்களுக்கு அது ஒரு கடிதமாக வந்தது. நமக்கும் பல சமயம் அப்படித்தான் வருகிறது: ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குத்துகிற ஒரு வரி, ‘நீ செய்றது சரியில்லப்பா’ என்கிற ஒரு நண்பன், சொன்ன பொய்யை நினைத்து வராமல் போகிற தூக்கம். இதையெல்லாம் தட்டிவிட்டுப் போவதைத்தான் எபிரெயர் 12:5 ‘அற்பமாக எண்ணாதே’ என்று தடுக்கிறது. கடிந்துகொள்ளுகிறாரே, என்னைக் கைவிட்டுவிட்டார் என்று உடைந்துபோகிறவர்களுக்கு ‘சோர்ந்துபோகாதே’ என்ற வார்த்தையும் அதே வசனத்தில் உண்டு.

லவோதிக்கேயாவைக் கடிந்துகொண்ட வசனத்துக்கு அடுத்த வசனத்தில் அவர் வாசற்படியில் நின்று தட்டுகிறார். திறந்தால் உள்ளே வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்கிறார்.