மாற்றுப்பாதைக்குத் தார் மட்டும் போதாது: ஊர்ச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சாலைப் பணி நடைபெறுகிறது, மாற்றுப்பாதையில் செல்லவும்' என்று ஒரு பலகை, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் திரும்பினால் பால் வண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் என்று போட்ட ஒன்றியச் சாலை. மறுநாள் காலையிலிருந்து அதில் சிமென்ட் லாரியும் டிரெய்லரும் போகின்றன. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையை நான்குவழியாக்கும் வேலை, சுமார் 165 கிலோமீட்டருக்கு, மூன்று பகுதிகளாகப் பிரித்து வருஷக்கணக்கில் நடந்தது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பலகை நன்றாகவே பழகிப்போன ஒன்று.

இப்படி வண்டிகளைத் திருப்பிவிடும்போது ஊர்ச் சாலையைச் 'சரிசெய்து தருகிறோம்' என்பார்கள். மேலே ஒரு தார்ப்பூச்சு விழும். ஊரும் சந்தோஷப்படும். முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

கிராமச் சாலை எதற்காகக் கட்டப்பட்டது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொறியாளர்கள் சாலையின் ஆயுளை வண்டி எண்ணிக்கையில் அளப்பதில்லை, அச்சில்தான் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) அளக்கிறார்கள். சுமார் 8.2 டன் ஏறிய ஓர் அச்சு ஒரு முறை கடந்தால் ஒன்று என்று கணக்கு. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. 1958-க்கும் 1960-க்கும் இடையே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த விதி இது, இன்றும் இதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டில் 2018-இல் நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அப்படி முழு பாரம் ஏறிய ஓர் அச்சு, கணக்கில் கிட்டத்தட்ட நாலு அச்சுக்குச் சமம்.

ஒரு கிராமச் சாலையைப் பத்து வருஷத்தில் ஒரு லட்சம் அச்சு தாங்கும்படி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த போக்குவரத்துச் சாலைக்கு இது சாதாரண அளவுதான். மாற்றுப்பாதை என்று தினம் 500 லாரி அதில் திரும்புகிறது, ஒவ்வொன்றும் நாலு அச்சுக் கணக்குக்குச் சேதம் செய்கிறது. நாளைக்கு 2,000. ஐம்பது நாளில் பத்து வருஷ ஆயுள் தீர்ந்தது. 20 மில்லிமீட்டர் தார்க்கலவையை மேலே விரித்தால் இந்தக் கணக்கு மாறாது. பாரத்தைத் தாங்குவது கீழே இருக்கிற ஜல்லியும் கிராவலும் மண்ணும்தான். தார் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும், வண்டி குலுங்காமல் போக உதவும், அவ்வளவுதான். ஆகவே பணம் குறைவாக இருந்தால் முழு நீளத்துக்கும் மெல்லிசாகத் தார் போடுவதைவிட, இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டி அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி இருக்கிறது, மண் எப்படி என்று பார்த்துவிட்டு, பலவீனமான இடத்தில் மட்டும் அடியிலிருந்து எடுத்துக் கட்டுவது மேல். புதுத் தார் போட்ட போட்டோ நன்றாக வரும் என்பதும் உண்மைதான்.

சாலை உட்காருவதற்கு முன்னால் உட்காருவது சிறுபாலம். டெல்டா பக்கம் ஒரு கிலோமீட்டர் போனால் நாலு மதகு, இரண்டு குழாய்ப் பாலம் வந்துவிடும். சிலவற்றுக்கு ஹியூம் குழாய் என்கிற கான்கிரீட் குழாய், சிலவற்றுக்குப் பழைய செங்கல் வளைவு, சிலவற்றுக்கு மேலே கருங்கல் பலகை. எதற்கும் வரைபடம் கிடைக்காது. எங்கள் பக்கம் ஒரு ஊரில் புதுத் தார் போட்டு மூன்றாவது வாரம் குழாய்ப் பாலம் உள்வாங்கியது. தார் புதுசாகவே இருந்தது, நடுவில் மட்டும் ஆள் இறங்கும் பள்ளம். லாரிக்காரர் வேறு வழி தேடிக்கொண்டார். டவுன் பஸ்தான் மாசக்கணக்கில் ஊருக்கு வரவில்லை.

சிறுபாலத்தைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. கோடையில் தண்ணீர் இல்லாதபோது ஒரு ஆள் உள்ளே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா, மூட்டு விலகி மண் கொட்டுகிறதா, வளைவில் செங்கல் உதிர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். குழாய்க்கு மேலே எவ்வளவு மண் மூடியிருக்கிறது என்பது முக்கியம். மூடல் குறைந்தால் சக்கரத்தின் பாரம் பரவாமல் நேராகக் குழாயின் தலையில் இறங்கும். சந்தேகம் என்றால் மாற்றிவிடுவதுதான் மலிவு. அதுவும் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்று எதிர்பார்க்கிற பகுதியில் ஜூலையில் மதகை உடைத்தால் விவசாயி ரோட்டுக்கு வந்து உட்காருவார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். பெரிய பாலங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டிய கீழணையின் மேல் போகும் அணைக்கரைப் பாலத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தது இதனால்தான். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அதில் லாரி போகலாம் என்று அர்த்தம் இல்லை.

வாய்க்கால் கரை ரோடு இன்னும் மோசம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்ந்த வயல், நடுவில் களிமண் கரை. தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கரை ஊறி இளகும். அந்த நேரம் எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஒரு லாரி ஓரம் கட்டினால் கரையும் லாரியும் சேர்ந்தே சரியும். இப்படிப்பட்ட கரையை மாற்றுப்பாதைக்குத் தேர்ந்தெடுப்பதே தவறு. வேறு வழியே இல்லையென்றால் தடுப்புச்சுவர் எழுப்பிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நாலு சவுக்குக் கட்டை அடித்து மணல்மூட்டை அடுக்குவதெல்லாம் ஒரு மழைக்குத்தான்.

அடுத்தது அகலம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளில் தார்ப்பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர். சட்டப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் இரண்டும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். சரி, 5.5 மீட்டராக அகலப்படுத்திவிட்டோம் என்பார்கள். 5.2 போக மிச்சம் 30 சென்டிமீட்டர், கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காமல். இரண்டு பக்கமும் மண் ஓரத்தைக் கெட்டிப்படுத்தாமல் தாரை மட்டும் அகலப்படுத்துவது பாதி வேலைதான். ஓரத்தில் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். பழைய தார் மேலேயே புதுத் தார் ஏற்றிக்கொண்டு போய் ஓரத்தை அப்படியே விட்டால், விளிம்பில் ஒரு படிக்கட்டு உருவாகும். இரவில் எதிர் வெளிச்சத்துக்கு ஒதுங்கும் பைக்காரர் விழுவது அந்தப் படியில்தான். ஓரம் தாரைவிட உயரமாகிப்போவதும் உண்டு. அப்போது மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சாலையிலேயே நின்று அடியில் இறங்கும். ஓரம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அகலப்படுத்த இடமே இல்லையென்றால் இரண்டு ஊர்ச் சாலைகளை ஜோடியாக எடுத்துக்கொள்வது நல்ல வழி. போகும் கனரக வண்டி ஒன்றில், திரும்பும் வண்டி மற்றதில். எதிரே லாரி வராது என்றால் 3.75 மீட்டர் ரோடும் சமாளிக்கும், ஊர்க்காரரின் பைக்குக்கும் டிராக்டருக்கும் இடம் கிடைக்கும். ஜோடிச் சாலை அமையாத இடத்தில் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று இடத்திலாவது வண்டி ஒதுங்க அகலம் வேண்டும், ஒன்றில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இந்த யோசனையைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, செய்வதும் இல்லை.

திருப்பங்களில் நீள வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஊருக்குள் அந்த உள்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் டீக்கடை, குடிநீர்க் குழாய், அல்லது கோயில் மதில். காகிதத்தில் வளைவை அளப்பதோடு நிற்காமல், ஒரு டிரெய்லரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அதே ஓட்டத்தில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கேபிள், புளியமரக்கிளை, ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் உயரத்தடுப்பு இவையும் கண்ணில் படும்.

பலகை வைப்பதில் ஒரு தனித் தவறு இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு நூறு மீட்டர் முன்னால் வைத்தால் லாரிக்காரர் என்ன செய்வார்? திரும்ப இடமில்லை, பின்னால் ஹாரன். கிடைத்த சந்தில் நுழைவார். சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிறவருக்கு விக்கிரவாண்டியிலேயே சொல்லிவிட்டால் அவர் திருச்சி நெடுஞ்சாலையில் நேராகப் போய் அங்கிருந்து தஞ்சைக்குத் திரும்பிக்கொள்வார். கும்பகோணம் போகிறவருக்குக் கடலூர், சிதம்பரம் பக்கமாக ஒரு வழி இருக்கிறது. முடிவெடுக்க வாய்ப்புள்ள கடைசிச் சந்திப்பில் பலகை இல்லையென்றால் மற்ற பலகைகள் எல்லாம் அலங்காரம்தான். தூர வண்டிகளைத் தூரத்திலேயே பிரித்துவிட்டால் ஊர்ச் சாலைக்கு வருவது பாதியாகக் குறையும். செலவு என்று பார்த்தால் இருப்பதிலேயே மலிவான சாலை மேம்பாடு இதுதான்.

கைபேசி வரைபடத்தையும் மறந்துவிடக் கூடாது. அதிகாரிகள் அறிவித்த மாற்றுப்பாதை ஒன்று, கைபேசி காட்டுகிற குறுக்குவழி இன்னொன்று. அதிகாரிகள் சரிசெய்தது முதல் சாலையை, லாரி போவது இரண்டாவதில். அறிவித்த பாதையைச் சரிசெய்வதோடு அறிவிக்காத சந்துகளின் வாயில் உயரத்தடுப்பு வைப்பதும் அதே திட்டத்தில் வர வேண்டும். வைக்கும்போது 108 ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அறுவடை இயந்திரமும் எப்படிப் போகும் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

சாலை நன்றானதும் வேகம் வரும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குண்டும் குழியுமாக இருந்தபோது இருபதில் போன வண்டி இப்போது அறுபதில் போகும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, நேரடி நெல் கொள்முதல் நிலையம் எல்லாம் அதே ரோட்டின் விளிம்பில். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் நெல்லைக் காயப்போடுவதும் அதே தாரில்தான். 'ரோட்டில் காயப்போடக் கூடாது' என்று உத்தரவு போடுவது சுலபம். காயப்போட ஒரு களம் கட்டிக்கொடுப்பது அந்த வருஷத்துச் சாலைச் செலவில் ஒரு சின்னத் துண்டு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கனரக வண்டியை நிறுத்திவைப்பது, வேகத்தடைக்கு வர்ணம் அடிப்பது (வர்ணமில்லாத வேகத்தடையே ஒரு விபத்து), வளைவில் ரிஃப்ளெக்டர் ஒட்டுவது, இவற்றையெல்லாம் வண்டியைத் திருப்புவதற்கு முதல்நாளே முடித்திருக்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. சலிப்பூட்டும், ஆனால் ஊர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, பக்கத்துச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அதை ஒட்டிய ஒன்றியச் சாலை ஊரக வளர்ச்சித் துறையுடையது. உடைந்த பிறகு 'அது எங்கள் ரோடு இல்லை' என்று மூன்று பேரும் சொல்லலாம், மூன்று பேரும் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பிரதமர் திட்டச் சாலையென்றால் போட்ட ஒப்பந்ததாரருக்கு ஐந்து வருஷப் பராமரிப்புப் பொறுப்பு உண்டு. நெடுஞ்சாலை லாரி வந்து உடைத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று அவர் கேட்டால் அதில் தப்பில்லை.

எனவே வண்டியைத் திருப்புவதற்கு முன்பே மூன்று தரப்பும் ஊராட்சியும் சேர்ந்து கூட்டு ஆய்வு செய்து, பராமரிப்பது யார், முடிந்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கிராம சபை கூடும் நாளில் அதைத் தீர்மானமாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சாலையில் வாகனங்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ ஒரு மாதத்துக்கு மேல் போனால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும், அதற்குக் குறைவென்றால் உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். 2019 திருத்தத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு இன்னொன்று. சாலைப் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஊர்க்காரர் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லாரி வருவதற்கு முந்தின வாரம் ஒரு பையனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மதகிலும் இறங்கி உள்பக்கமும் எடுங்கள். ஓரத்து வீட்டுச் சுவர்களையும் விடாதீர்கள், விரிசல் முன்பே இருந்தது என்று பின்னால் சொல்வார்கள். எடுத்ததை உதவிப் பொறியாளருக்கும் (ஏ.இ.) ஊராட்சிச் செயலருக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், தேதி அதில் தானாகவே பதிவாகிவிடும்.