18 வீத வற் வரியை எந்த வகை நிரலில் வைப்பது?

இலங்கையின் உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக்கு பில் போடும் மென்பொருள் எழுதினேன். அறை வாடகை, 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18% வற் வரி (பெறுமதி சேர் வரி), அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று உட்கார்ந்தவனை, வீதத்தைப் பதியும் தரவுத்தள அட்டவணையின் ஒரே ஒரு நிரல் (column) இரண்டு நாள் வைத்துச் செய்தது.

படி 1: ஃப்ளோட் வேண்டாம்

புள்ளி வைத்த எண்தானே என்று ஃப்ளோட் வகையில் 0.18 போட்டேன். அப்புறம், வீதம் 0.18 உள்ள பில்களைத் தேடினால் மைஎஸ்கியூஎல் (நான் பாவித்த தரவுத்தள மென்பொருள்) ஒன்றுமே தரவில்லை. அட்டவணையைத் திறந்தால் 0.18 கண் முன்னால் நிற்கிறது! ஃப்ளோட் எண்களை இரண்டின் அடுக்குகளாக உடைத்து வைக்கும். மூன்றில் ஒன்றை எழுதப்போனால் 0.333 என்று முடியாமல் நீள்கிறதல்லவா, அதேபோல 0.18 அங்கே சரியாக உடையாது. உள்ளே கிடந்தது 0.18000000715… என்ற எண்.

முழு எண் வகையும் சரிவராது. மார்கழி மழைக்கால 7.5% கழிவு (தள்ளுபடி) 8 ஆகிவிடும்.

படி 2: டெசிமல், அதுவும் (5,2)

டெசிமல் வகை எண்ணை நாம் எழுதும் பத்தடிமான இலக்கங்களாகவே வைக்கும், அதனால் 0.18 பிசகாது. அடைப்புக்குள் முதல் எண் மொத்த இலக்கங்கள், இரண்டாவது புள்ளிக்குப் பின் வருபவை. பலர் 18.00 நாலு இலக்கம்தானே என்று (4,2) போடுவார்கள். நானும் போட்டேன். அதில் 99.99க்கு மேல் ஏறாது. விடுதிக்காரர் தன் அக்கா குடும்பத்துக்கு 100% கழிவு கொடுத்தார். எல்லை மீறிய எண்ணை மறுக்கும் கண்டிப்பு முறை (strict mode) அணைந்திருந்த பழைய சேவையகம் பிழை காட்டாமல் 99.99 என்று பதிந்துகொண்டது. 12,500 ரூபா அறைக்கு அக்காவிடம் வாடகை மட்டும் 1 ரூபா 25 சதம் கேட்டு பில் வந்தது. சிரித்தார்கள், எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

12.375 போன்ற வட்டி வீதங்கள் வருமென்றால் (6,3) போடுங்கள். (5,2) அதை 12.38 ஆக்கிவிடும்.

படி 3: 18ஆ, 0.18ஆ?

இரண்டும் சரிதான், கலந்தால்தான் வினை. நான் வாயால் சொல்வதையே வைக்கிறேன்: 18.00. நிரலின் பெயரிலேயே ‘சதவீதம்’ என்று இருக்கட்டும். 0 முதல் 100 வரை என்று செக் (CHECK) நிபந்தனையும் சேர்த்துவிடுங்கள், ஆனால் மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் அதை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். யாராவது 0.18 என்று அடித்தால் இந்த நிபந்தனை பிடிக்காது, அதைப் படிவத்தில்தான் பார்க்க வேண்டும்.

படி 4: கணக்கைக் கையால் பாருங்கள்

12,500க்கு சேவைக் கட்டணம் 1,250. கூட்டினால் 13,750. அதில் 18ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் வரி 2,475. மொத்தம் 16,225. திரையிலும் இதுவே வர வேண்டும்.

படி 5: திகதி

வற் வீதம் 2022இல் மட்டும் இரண்டு தரம் ஏறியது: யூனில் 12, செப்டெம்பரில் 15. 2024 சனவரி 1இலிருந்து 18. ஆகவே வீதங்களைத் தொடங்கும் திகதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். பில் போடும் நேரத்தில் அன்றைய வீதத்தை பில்லின் வரிசையிலேயே பிரதி எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது புது வரி ஏறி நிற்கும்.