சாலை வேலை வந்தால் நம் தெரு ஆட்கள் வேலையில் சேர்வது எப்படி

திருவொற்றியூரில் இருபது வருடமாகக் கம்பி கட்டுகிறேன். சாலைக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கிவிட்டார்கள், இனி எல்லோருக்கும் வேலை என்று நம்பி உட்காராதீர்கள். தார் போடுவதைப் பேவர் என்ற தார் பரப்பும் இயந்திரமும் ரோலரும் பார்த்துக்கொள்ளும், ஆள் அதிகம் தேவைப்படாது. கைவேலை மழைநீர் வடிகாலில்தான் இருக்கிறது: கம்பி வளைக்க, பலகை அடிக்க, கான்கிரீட் கொட்ட. அதைக் குறிவையுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் விவரப் பலகை வைத்திருந்தால் ஒப்பந்ததாரர் பெயரையும் முடிக்கவேண்டிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டும்போதே ஐந்தாறு பேராகப் போய் சைட் இன்ஜினியரைப் பாருங்கள். கம்பி வந்து இறங்கிய பிறகு போனால் மேஸ்திரி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்திருப்பார். அவர்களும் வயிற்றுப் பாட்டுக்கு வந்தவர்கள்தான், அவர்களோடு சண்டை வேண்டாம்.

எண்ணூர் போகும் சாலையோரம் ஒரு வடிகாலில் 40 நாள் கம்பி கட்டினேன். கடைசி வாரக் கூலி வரவே இல்லை. கேட்டால், "நீ எங்கே வந்தே?" என்றார் மேஸ்திரி. காட்ட ஒரு சீட்டு இல்லை. அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. தேதி, செய்த வேலை, கூலி எழுதி, சாயங்காலமே மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். ஈரச் சிமெண்ட் கறை படிந்திருந்தாலும் அது பத்திரமாக இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் கட்டாயம் பதியுங்கள். வயது 18 முதல் 60, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சித்தாள் வேலை பார்க்கும் பெண்களும் பதியலாம்.

சாலையோரம் இட்லிக் கடை போடும் அக்காக்களுக்கு ஒன்று. அகலப்படுத்துகிறோம் என்று உடனே தள்ளுவண்டியை எடுக்கச் சொன்னால், உங்கள் விற்பனைச் சான்றிதழில் உள்ள இடமாக இருந்தால், 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் எங்கே என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.