படமும் விளக்கவரியும் பிரியாமலிருக்க

மொரீசியஸில் ஒரு கரும்பாலைக் கையேட்டில் ஒவ்வொரு படத்துக்கடியிலும் விளக்கவரி தமிழிலும் பிரெஞ்சிலும் வர வேண்டும் என்று வையுங்கள். உருளையின் படம் 12ஆம் பக்கத்தில் நிற்கும், அதன் பெயர் 13க்குப் போய்விடும். என்டரைத் தட்டித்தட்டிச் சரிசெய்யாதீர்கள். மேலே ஒரு வரி சேர்ந்தாலே எல்லாம் கலைந்துவிடும்.

வேர்டில் முதல் வேலை, படத்தை 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' ஆக்குவது, அதாவது ஓர் எழுத்தைப் போல வரியிலேயே நிற்கவைப்பது. மிதக்கும் படத்தில் அடுத்துச் சொல்வது எதுவும் பலிக்காது. பிறகு படம் உள்ள பத்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' (அடுத்த பத்தியோடு ஒட்டி நிற்க), விளக்கவரிக்கு 'கீப் லைன்ஸ் டுகெதர்' (அதன் வரிகள் பக்கம் பிரியாமலிருக்க) கொடுங்கள். விளக்கவரி படத்துக்கு மேலே என்றால் 'கீப் வித் நெக்ஸ்ட்' அதற்குத்தான். நடுவில் ஒரே ஒரு வெற்றுப் பத்தி இருந்தாலும் படம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும், விளக்கவரியை விட்டுவிடும். இடைவெளி வேண்டுமா, படப் பத்தியின் 'ஸ்பேசிங் ஆஃப்டர்' 6 புள்ளி போதும். தமிழிலிருந்து பிரெஞ்சு வரிக்கு ஷிப்ட்+என்டர் தட்டுங்கள். இரண்டும் ஒரே பத்தியாக நிற்கும்.

படம் கீற்றாக மட்டும் தெரிகிறதா? வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி'யில் இருக்கும், 'சிங்கிள்' ஆக்குங்கள்.

படத்தின் வரிசை எண்ணைக் கையால் போடவே வேண்டாம். 'ரெஃபரன்சஸ்' பட்டியில் 'இன்சர்ட் கேப்ஷன்' இருக்கிறது. நடுவில் புதுப்படம் நுழைந்தால் கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9 தட்டுங்கள், எண்கள் சரியாகிவிடும்.