தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமான நேரம் வந்துவிடுமா?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் சுமார் 5,550 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து வகுத்தால் 6 மணி 10 நிமிடம் வரும். டிக்கெட்டிலோ கிட்டத்தட்ட 8 மணி நேரம் போட்டிருப்பார்கள். வகுத்ததில் தப்பில்லை, வகுக்கும்போது விட்டுப்போனவைதான் அதிகம்.

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்வது முதல் அந்தப் பக்கம் கேட்டில் வந்து நிற்பது வரை எல்லாம் சேர்ந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், அங்கே வரிசையில் காத்திருப்பதும் இதில் அடக்கம்.

அடுத்தது காற்று. போக 8 மணி என்றால் வரவும் 8 மணி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் அப்படி விடாது. நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்ப 7 மணி நேரமே போதும். 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், ஒரு சாதாரண போயிங் 747 இதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்துவிட்டது!

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில்தான். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 2 மணிக்கு இறங்கினால் பயணம் 3 மணி நேரமா? நியூயார்க் கடிகாரம் 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 2 என்றால் லண்டனில் இரவு 7. ஆக, 8 மணி நேரம். இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள், குழப்பமே வராது. ஆனால் அந்த 5-ஐயும் மனப்பாடம் செய்து வைக்காதீர்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனால் இன்னும் வேடிக்கை: மாலையில் கிளம்பி அதே நாள் காலையில் இறங்கலாம்.

தூரத்துக்கு வருவோம். ஹீத்ரோ–ஜே.எஃப்.கே. தூரத்தை ஒரு இடத்தில் 3,000 என்றும் இன்னொரு இடத்தில் 3,450 என்றும் பார்க்கலாம். இரண்டும் சரி. முன்னது கடல் மைல் (1.852 கி.மீ.), பின்னது சாதாரண மைல். எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதும் வேண்டாம். பூமி உருண்டை என்பதால் லண்டன்–லாஸ் ஏஞ்சலஸ் குறுக்குவழி கிரீன்லாந்து பக்கமாக வளைந்து போகும். அந்தக் குறுக்குவழியும் எப்போதும் கிடைக்காது. 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி அளவுக்கு நீண்டது. ஊர்களும் விமானமும் அதேதான், வழிதான் மாறியது.

தேடும்போது ஊர்ப் பெயரைவிட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை நம்புங்கள். சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு (எஸ்.ஜே.சி.), கோஸ்டா ரிக்காவிலும் உண்டு (எஸ்.ஜே.ஓ.). டோக்கியோ என்று மட்டும் போட்டால் ஹனேடா விமான நிலையமா, நரிட்டா விமான நிலையமா என்ற கேள்வி நிற்கும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதாக இருந்தால், நடுவில் 60 கி.மீ.க்கு மேல் தரைவழிப் பயணம் பாக்கி.