பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிறீர்களா? வருமான வரி விதிகளைப் படிப்படியாக அறிவோம்

மேலூரில் நெல் விற்று வந்த பணமோ, மதுரையில் ஓய்வு பெற்றவரின் பணிக்கொடையோ, மகளுக்கு மனை வாங்க 8 லட்சம் ரூபாய் கொடுக்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, இதற்கு வரி எவ்வளவு என்பதுதான். கொடுப்பவருக்கும் வரி இல்லை, பெறுபவருக்கும் இல்லை. 1958ஆம் ஆண்டின் நன்கொடை வரிச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் செயலில் இல்லை. ஆனாலும் பணம் எந்த வழியில் போகிறது, போன பிறகு அது ஈட்டும் வட்டி யாருடையது என்னும் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், மாறிவிட்ட பிரிவு எண்களைத் தவிர்த்து விதிகளை மட்டும் சொல்கிறேன்.

படி 1: உறவை உறுதி செய்யுங்கள்

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் தரும் பணத்துக்கு இந்த வரம்பே கிடையாது. திருமணத்தின்போது மணமக்கள் பெறும் அன்பளிப்புக்கும் விலக்கு உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் காதணி விழாவுக்கு எழுதும் மொய்க்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

படி 2: பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்

மஞ்சள் பையில் கட்டி எடுத்துப்போய்க் கொடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான தொகையை அபராதமாகச் செலுத்த நேரிடும், அதுவும் கொடுத்த தந்தையல்ல, வாங்கிய மகளே செலுத்த வேண்டும். நாளுக்கு ஒன்றரை லட்சமாகப் பிரித்துக் கொடுக்கலாமே என்று நினைப்பவர்கள், ஒரே நிகழ்வுக்காக ஒருவர் தரும் ரொக்கத்தைச் சேர்த்தே கணக்கிடும் விதியும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே காசோலை, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நெல் விற்ற ரொக்கத்தை முதலில் தந்தை தம் கணக்கில் செலுத்தி, விற்பனைச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: அன்பளிப்புக் கடிதம் எழுதுங்கள்

பணத்துக்குப் பத்திரப்பதிவு கட்டாயமில்லை. வீடு, நிலம் என்றால்தான் கட்டாயம். ஒரு தாளில் இருவரின் பெயர், பான் எண், உறவுமுறை, தொகை, தேதி, வங்கிப் பரிமாற்ற எண் ஆகியவற்றை எழுதி, "அன்பின் காரணமாகக் கொடுக்கிறேன், திருப்பித் தர வேண்டியதில்லை" என்று தந்தையும், "பெற்றுக்கொண்டேன்" என்று மகளும் கையெழுத்திட வேண்டும். இதைக் கடன் என்று எழுதினால் வேறு விதிகள் வந்துவிடும்.

படி 4: வட்டி யாருடைய வருமானம் என்று பாருங்கள்

18 வயது நிறைந்த மகனோ மகளோ அந்தப் பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டால், வட்டி அவர்களுடைய வருமானம்; வரியும் அவர்களுடையதே. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால், ஆண்டுக்குக் கிடைக்கும் 35,000 ரூபாய், தாய் தந்தையரில் எவருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தில் சேரும். வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் இரண்டு வரி முறைகளில், பழைய முறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. பிள்ளை தன் திறமையால் சம்பாதித்த பணம் இப்படிச் சேராது. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் வட்டிக்கு வரியே இல்லாததால், பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் நான் முதலில் அதையே சொல்வேன், ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை செலுத்தலாம்.

மருமகளுக்குக் கொடுப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கொடுத்த பணத்துக்கு வரி இல்லை என்றாலும், அதிலிருந்து அவர் பெறும் வட்டி மாமனார் அல்லது மாமியார், யார் கொடுத்தாரோ அவருடைய வருமானத்தில் சேரும். மருமகனுக்குக் கொடுத்தால் இந்த விதி கிடையாது. ஏன் இந்த வேறுபாடு என்று என்னைக் கேட்டால், விடை சட்டம் எழுதியவர்களிடம்தான் இருக்கிறது.

படி 5: கணக்கில் காட்டுங்கள்

பணத்தைப் பெற்ற பிள்ளை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவராக இருந்தால், விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் இந்தத் தொகையைக் குறிப்பிடுவது நல்லது. கடிதம், இருவரின் வங்கிக் கணக்கு அறிக்கை, தந்தைக்குப் பணம் வந்த வழிக்கான சான்று ஆகிய மூன்றையும் மனைப் பத்திரத்துடன் ஒரே கோப்பில் வைத்துவிட்டால், விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தாலும் ஒரே நாளில் பதில் அனுப்பிவிடலாம்.